இணையவழியில் கற்பிக்கும் விரிவுரையாளருக்கு மனநிறைவு உண்டா?

கேள்வி: 2023 பிப்ரவரி 6

இணையவழியில் பாடம் நடத்தும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு அந்த வேலையில் மனநிறைவு இருக்கிறதா என்று ஒரு சிறு ஆய்வு தொடங்கியிருக்கிறேன். இதுவரை பேசியவர்களில் சிலர் "வசதியாக இருக்கிறது" என்கிறார்கள், சிலர் "சுவரிடம் பேசுவது போல இருக்கிறது" என்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் சொல்லியும் கேட்டேன். நல்ல இணைப்பு, நல்ல மைக், பழகிய மென்பொருள், கொஞ்சம் பயிற்சி ஆகியவை அமைந்துவிட்டால் மனநிறைவும் தானே வந்துவிடும் என்பது என் எண்ணம். நீண்ட நாள் கற்பித்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

வந்துவிடாது என்பதே என் பதில். நான் புள்ளியியல் கற்பிப்பவன். பத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறேன்; கடைசி ஆறு ஆண்டுகளாக ஒரு பாடத்தையாவது முழுக்க இணையவழியில் நடத்திவருகிறேன். இணைப்பு அறுந்தால் எரிச்சல் வரும், அறுபடாவிட்டால் எரிச்சல் வராது, அவ்வளவுதான். எரிச்சல் இல்லாமலிருப்பதை நிறைவு என்று எழுதிவிட்டால் உங்கள் ஆய்வு முதல் பக்கத்திலேயே வழி தவறிவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் மிக நன்றாக உணர்ந்த நேரத்தையும் மிக மோசமாக உணர்ந்த நேரத்தையும் விவரிக்கச் சொல்லி அவரும் உடன் ஆய்வாளர்களும் கேட்டார்கள். மோசமான நேரங்களில் நிர்வாக விதிகள், மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல் ஆகியவை தலைகாட்டின. நல்ல நேரங்களில் ஒன்றைச் சாதித்த உணர்வும் அங்கீகாரமும் வேலையின் இயல்புமே பேசப்பட்டன. முதல் பட்டியலைச் சரிசெய்தால் குறை தீரும், ஆனால் நிறைவு பிறப்பதற்கு இரண்டாம் பட்டியல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. நல்லது நடந்தால் தன் திறமை என்றும் கெட்டது நடந்தால் சூழ்நிலை என்றும் சொல்வது மனித இயல்புதானே என்று அவருடைய முறையைப் பின்னர் குறைகூறினார்கள். அந்தக் குறை நியாயமானது. இருந்தாலும் நீங்கள் சொல்லும் மைக்கும் மென்பொருளும் முதல் பட்டியலைச் சேர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு விரிவுரையாளருக்கு இரண்டாம் பட்டியலில் இருப்பது ஒன்றே ஒன்று: தான் சொன்னது எதிரிலிருப்பவரிடம் போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் காண்பது.

பிப்ரவரி 8

அந்தக் கடைசி வரியை விளக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்று நடக்கும் வாய்ப்பைக் கணக்கிடுவது, நடத்திய நாள். ஒரு தேற்றத்தை முடித்துவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல், "யாருக்காவது மறுபடியும் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டேன். சாட் பெட்டியில் ஒரு மாணவியின் பெயருக்குக் கீழே "இல்லை" என்று ஒரு சொல் வந்து விழுந்தது. நல்லது என்று அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் வந்த கணக்கை அவர் தொடவே இல்லை. விடைத்தாளைப் பார்க்க வந்தபோது காரணம் கேட்டேன். "அன்றைக்கே இல்லை என்று எழுதினேனே, ஐயா" என்றார்.

வகுப்பின் பதிவை எடுத்து அந்த இடத்தைப் பார்த்தேன். என் முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் நடுவே இரண்டு விநாடிகூட இல்லை. அவர் "புரிந்ததா?" என்பதற்கு "இல்லை" என்று தட்டச்சு செய்திருக்கிறார்; அது வந்து சேர்ந்ததோ "மறுபடியும் சொல்ல வேண்டுமா?" என்பதற்குப் பிறகு. ஒரு சொல் நான்கைந்து விநாடி தாமதித்ததில் அதன் பொருளே தலைகீழாகிவிட்டது. வகுப்பறையில் இது நடந்திருக்காது. அவர் முகத்தைப் பார்த்திருப்பேன், குறைந்தபட்சம் எந்தக் கேள்விக்கு உதடு அசைந்தது என்பதாவது தெரிந்திருக்கும்.

நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்கு ஆகும் இடைவெளி மிகக் குறுகியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு என்று காட்டியது. நம் காது அந்தத் தாளத்துக்குப் பழகியது. இணையவழியில் ஒரு மாணவர் வாய் திறக்க வேண்டுமானால் முதலில் துணிவு வர வேண்டும், பிறகு மைக்கின் குறியைத் தேட வேண்டும், அழுத்த வேண்டும், குரல் பயணப்பட்டு வர வேண்டும். அந்த ஐந்தாறு விநாடியும் நம் காதுக்கு மறுப்பாகவே கேட்கிறது. ஆனால் பழியை முழுவதும் கருவியின் மேல் போட முடியாது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று விநாடியோ அதற்கு மேலோ பொறுத்தால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, கேள்விகள் கூடுகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே வகுப்பறைப் பதிவுகளைக் கொண்டு காட்டினார். எனக்கு அந்தப் பொறுமை வகுப்பறையிலும் இருந்ததில்லை. அங்கே முகங்கள் அந்தக் குறையை மறைத்தன.

பிப்ரவரி 9

"இதெல்லாம் 2020இன் கதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. அந்த ஆண்டு மார்ச்சில், கொரோனா முடக்கத்தால் ஒரு வாரத்தில் பாடங்களைத் திரைக்கு மாற்றச் சொன்னபோது நாம் செய்தது அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல். திட்டமிட்டு வடிவமைத்த இணையவழிக் கல்வியோடு அதைக் குழப்பக் கூடாது என்று கல்வி ஆய்வாளர் சார்லஸ் ஹாட்ஜஸும் மற்றவர்களும் அந்த மாதமே எழுதினார்கள். தொலைநிலைக் கல்விக்கென்றே 1969இல் நிறுவப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை பாடத்தை எழுதவே தனிக் குழு வைத்திருந்தவை. ஆகவே அந்த ஒரு பருவத்தின் அலுப்பை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். ஆனால் நான் மேலே சொன்ன "இல்லை" நன்றாகத் திட்டமிட்டு நடத்திய பாடத்தில், 2022இல் நடந்தது.

பிப்ரவரி 13

கேமராவைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முகத்தைக் காண்பதே நிறைவு என்றால், எல்லோரும் கேமராவைத் திறக்க வேண்டும் என்று விதி போட்டுவிடலாமே என்கிறீர்கள். நான் போட்டேன். ஒரு பருவம் முழுக்க அந்த விதி இருந்தது. பிறகு நானே நீக்கினேன்.

நீக்கியதற்கு முதல் காரணம் ஒரு மாணவர். அவருடைய சதுரத்தில் எப்போதும் நெற்றியும் கூரையும்தான் தெரியும். முகத்தைக் காட்டச் சொல்லி இரண்டு முறை பெயர் சொல்லிக் கேட்டேன். வகுப்பு முடிந்தபின் தனியாக எழுதினார்: அந்த நேரத்தில் அதே அறையில் நோயுற்ற பாட்டி படுத்திருக்கிறார், அவர் படத்தில் விழாமலிருக்கவே கேமராவை மேலே திருப்பி வைத்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் மனநிறைவுக்காக ஒருவர் வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் காரணம், திறந்த கேமராக்கள் எனக்கு வேண்டியதைத் தரவும் இல்லை. அறுபது முகங்கள் தபால்தலை அளவில் தெரிந்தன. யாரும் என்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்ப்பது போலத் தெரிய வேண்டுமானால் அவர்கள் கேமராவைப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இல் காணொளிச் சந்திப்பு தரும் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: இடைவிடாமல் நெருக்கத்தில் தெரியும் கண்கள், சைகைகளை அனுப்பவும் படிக்கவும் மூளை படும் கூடுதல் பாடு, தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, ஓரிடத்தில் அசையாமல் உட்கார வேண்டியிருப்பது. மூன்றாவதும் நான்காவதும் என்னை நேரடியாகத் தொட்டன. நான் கரும்பலகையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தபடியே யோசிப்பவன். இப்போது மடிக்கணினியை உயரமான மேசையில் வைத்து, என் முகம் எனக்குத் தெரியாதபடி மறைத்துவிட்டு, நின்றுகொண்டு நடத்துகிறேன். களைப்பு குறைந்தது. நிறைவு கூடியதா என்றால், இல்லை.

பிப்ரவரி 14

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். ஹெர்ஸ்பெர்க்கின் தரவில் சம்பளம் மோசமான நேரங்களில் மட்டும் வரவில்லை, நல்ல நேரங்களிலும் வந்தது. எல்லாவற்றையும் எடைபோட்டு அதை அவர் குறைப் பட்டியலில் வைத்தார். நான் எழுதியது இதைவிடச் சுத்தமாக இருந்துவிட்டது.

பிப்ரவரி 19

கடந்த ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்ததில், எட்டாம் தேதி எழுதியதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எழுதினேன். உண்மையில் தெரிந்திருக்குமா?

அந்த மாணவியின் விடைத்தாளுக்குப் பிறகு, அடுத்த பருவத்தில் அதே பாடத்துக்கு ஒரு சிறு வாக்கெடுப்பு வைத்தேன். பெயர் தெரியாமல் விடை அளிக்கலாம். கணக்கு இதுதான்: ஒரு நோய் நூறில் ஒருவருக்கு இருக்கிறது, ஒரு பரிசோதனை நோயுள்ளவர்களில் 99 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 5 சதவீதத்தினரை நோயுள்ளவர் என்று தவறாகச் சொல்கிறது, உங்களுக்கு "நோய் இருக்கிறது" என்று முடிவு வந்தால் உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் நோயுள்ள பத்துப் பேரும் ஏறக்குறைய முழுமையாகச் சிக்குவார்கள், நோயில்லாத 990 பேரில் ஏறத்தாழ ஐம்பது பேரும் சிக்குவார்கள், ஆக அறுபதில் பத்து, அதாவது ஆறில் ஒன்று. விடைகள் பட்டை வரைபடமாகத் திரையில் எழுந்தன. பாதிக்கு மேற்பட்டவர்கள் 95 அல்லது 99 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள்.

இதே எடுத்துக்காட்டைப் பதின்மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முன்வரிசையில் தலைகள் ஆடின, நானும் நிறைவோடு வீட்டுக்குப் போனேன். அந்தத் தலையசைப்புகள் எல்லாம் இந்தப் பட்டை வரைபடத்தை எனக்குக் காட்டாமல் மறைத்தவை என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பத்துப் பேர். நான் படித்தது அந்தப் பத்து முகங்களை மட்டும்தான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், மாணவர்களிடம் மிக நல்ல மதிப்பீடு பெற்றுவந்தவர். விசையைப் பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய வினாக்களை 1990ஆம் ஆண்டுவாக்கில் அவர் தம் வகுப்புக்குக் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டார். அதற்குப் பிறகே அவர் கேள்வி கேட்டு, வாக்களிக்கச் செய்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி வாக்களிக்கச் செய்யும் முறைக்கு மாறினார். அதே பல்கலைக்கழகத்தில் லூயி டெலோரியே முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களே கணக்கைப் போட்டுப் பார்த்துக் கற்கும் செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு நன்றாகக் கற்றுவிட்ட உணர்வு இருந்தது. மாணவருக்கு உண்டாகும் அந்த மயக்கம் மேடையில் நிற்பவருக்கும் உண்டாகாமலா போகும்?

ஆகவே இணையவழி என்னிடமிருந்து பறித்தது ஒரு நிறைவை என்றால், அந்த நிறைவில் ஒரு பகுதி ஆதாரம் இல்லாதது.

பிப்ரவரி 20

நேற்று எழுதியது கொஞ்சம் எல்லை மீறிவிட்டது. வகுப்பறை நிறைவு முழுவதும் மயக்கம் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடாமல் தயங்கித் தயங்கி மேசை அருகே வருவார்களே, அந்த ஐந்து நிமிடத்துக்கு நிகராக எதுவும் இல்லை. பாடத்தில் கேட்கத் தயங்கிய கேள்வி, ஆய்வுக்கு என்ன எடுக்கலாம் என்ற யோசனை, படிப்பை விட்டுவிடலாமா என்ற தடுமாற்றம் எல்லாம் அங்கேதான் வரும். இணையவழியில் "வகுப்பை முடி" என்ற பொத்தானை அழுத்தியதும் அறுபது பேரும் ஒரே நொடியில் மறைந்துபோகிறார்கள். அறையில் நான் மட்டும் நிற்கிறேன். அந்த நொடி எனக்கு இன்னும் பழகவில்லை.

பதிவை நிறுத்திவிட்டு, லிங்க்கை மூடாமல் இருபது நிமிடம் இருக்கத் தொடங்கினேன். பதிவு நிற்பது முக்கியம்; பதிவாகிறது என்றால் யாரும் மனம் திறப்பதில்லை. முதல் மூன்று வாரம் ஒருவரும் தங்கவில்லை. நான்காம் வாரம் ஒருவர் தங்கினார், வந்த காரணத்தைச் சொல்லாமலே போய்விட்டார். அடுத்த வாரம் அவரே இன்னொருவரைக் கூட்டிவந்தார். பருவத்தின் இறுதியில் ஏழெட்டுப் பேர் வழக்கமாக இருந்தார்கள். அவர்களில் இருவர் நான்கு மாதத்தில் வகுப்பு நேரத்தில் ஒருமுறைகூட மைக்கைத் திறக்காதவர்கள்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் தம் வினாப்பட்டியலை அனுப்பியிருந்தார், நன்றி. "இணையவழிக் கற்பித்தலில் நான் மனநிறைவு அடைகிறேன்: 1 முதல் 5 வரை" என்பது உங்கள் ஏழாம் வினா. அதை எடுத்துவிடுங்கள், அல்லது அதன் சராசரியையாவது வெளியிடாதீர்கள். பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 என்று எழுதினாலும் சராசரி 3. எல்லோரும் 3 என்று எழுதினாலும் சராசரி 3. உங்கள் முதல் பதிவிலேயே ஒரே ஆள் இரண்டையும் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆளை இந்த வினா கொன்றுவிடும்.

டோரிஸ் பொலிகரும் ஒக்சானா வாசிலிக்கும் 2009இல் இந்தப் பொருளில் செய்த ஆய்வு, காரணிகளை மாணவர் சார்ந்தவை, விரிவுரையாளர் சார்ந்தவை, நிறுவனம் சார்ந்தவை என்று மூன்றாகப் பிரித்து, மாணவர் சார்ந்தவையே முதன்மையானவை என்று கண்டது. என் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. உங்கள் இருபத்திரண்டு வினாக்களில் மாணவரைப் பற்றியவை மூன்றே மூன்று, கருவியைப் பற்றியவை பதினொன்று. "கடந்த மாதம் நடத்திய வகுப்புகளில் எதை மறுபடி நடத்த ஆசைப்படுவீர்கள், அன்று என்ன நடந்தது?" என்று ஒரு திறந்த வினா சேருங்கள். அதற்கு வரும் பத்து வரி உங்கள் பதினொரு வினாவைவிட அதிகம் சொல்லும்.

மார்ச் 5

நிறுவனத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்ற குறை சரியானது. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஆறாத வருத்தம் இருக்கிறது.

எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வு, குறுகிய காணொளிகளே மாணவரைப் பிடித்து வைக்கின்றன, ஆறு நிமிடத்துக்குள் இருப்பது நல்லது என்றது. அதை மதித்து ஐம்பது நிமிட விரிவுரையை ஏழு துண்டுகளாக எழுதிப் பதிவு செய்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்து, பதிவு, திருத்தம், துணைவரி என்று அரை நாள் போனது. எங்கள் நிர்வாகத்தின் பணிநேரக் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. பதிவு ஏற்கெனவே இருக்கிறது என்று அடுத்த ஆண்டு என் கற்பித்தல் நேரத்தைக் குறைத்துக் காட்டி, இன்னொரு பிரிவைத் தந்தார்கள். நான் விடுப்பில் இருந்த பருவத்தில் அந்தப் பதிவுகள் என்னைக் கேட்காமலே ஓடின. அதில் ஒரு துண்டில் ஒரு குறியீட்டுப் பிழை இருந்தது, எனக்குத் தெரியும், திருத்த எண்ணியிருந்தேன். என் குரல் அந்தப் பிழையை ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்க நான் அங்கே இல்லை. பதிவு யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டு பயன்படும், யார் திருத்துவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் பதிவு பொத்தானைத் தொடாதீர்கள் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

மார்ச் 11

கருவியால் நிறைவு வராது என்று அடித்துச் சொன்னேன். ஒரு விலக்கு உண்டு. பேனாவால் எழுதக்கூடிய டேப்லெட் வாங்கியபின் ஸ்லைடுகளை விட்டுவிட்டேன். வெற்றுப் பக்கத்தில் கையால் எழுதும்போது என் வேகம் மாணவரின் வேகத்துக்கு இறங்குகிறது, அடிக்கிறேன், திருத்துகிறேன், அந்த அடித்தலின்போதுதான் கேள்விகள் வருகின்றன. இங்கே கருவி எரிச்சலைக் குறைத்ததோடு நிற்கவில்லை. மாணவர் குறுக்கிட ஓர் இடம் செய்து தந்தது. ஆகவே உங்கள் முதல் எண்ணத்தை நான் முழுதாகத் தள்ளியது தவறு.

மார்ச் 18

இப்போது "புரிந்ததா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். ஒரு கேள்வியைத் திரையில் எழுதி, அதற்கு எண் இட்டு, "இரண்டாம் கேள்விக்கு விடை" என்று எண்ணோடு எழுதச் சொல்கிறேன். தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்து, மெதுவாகக் குடித்து, கீழே வைக்கும்வரை பேசுவதில்லை. அந்த இடைவெளியில் சாட் பெட்டி நிறைகிறது. சென்ற வாரம் ஒருவர் "2: இல்லை. 1உம் இல்லை" என்று எழுதினார். இரண்டையும் மறுபடி நடத்தினேன், வகுப்பு பத்து நிமிடம் நீண்டது, யாரும் போகவில்லை.

ஏழாம் வினாவை எடுக்க முடியாது, நெறியாளர் வேண்டும் என்கிறார், நீங்களாவது உங்கள் எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை இருபது பேர் உள்ள பயிற்சி வகுப்புக்கு 5. வியாழக்கிழமை இருநூறு பேருக்கு நடத்தும் விரிவுரைக்கு 1. இரண்டு வரிகளாகவே பதிவு செய்யுங்கள்.